திரைக்குப் பின்னால் நின்ற ராணி

கொட்டாஞ்சேனை,
1938 ஏப்ரல் 19.

வெள்ளவத்தைச் சமஸ்தானத்தின் பட்டத்து இளவரசியும், ஆங்கில இலக்கியக் கடலில் அன்றாடம் முழுகி முத்தெடுப்பவளுமாகிய என் பெறாமகள் யோகநாயகிக்கு,

கொட்டாஞ்சேனைக் கோட்டையில் நோயுடன் போர் புரியும் உன் குஞ்சியப்பா எழுதிக்கொள்வது. எனக்குக் கொப்புளிப்பான். உடம்பில் இடம் போதாமல் மிச்சக் கொப்புளங்கள் தெருவில் வரிசையாக நிற்கின்றன. எனக்கு வாடகைக்கு அறை தந்த செலீன் கஞ்சிக் கோப்பையைத் தும்புத்தடியால் உள்ளே தள்ளிவிட்டு அந்தோனியாரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுகிறாள். நேற்று அவள் ஓடிய அதிர்ச்சியில் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய், இப்போது மாலைதீவுப் பக்கம் நிற்கிறதாம்.

அதனால்தான் வருடப்பிறப்புக்கு வர முடியவில்லை. மச்சாள், அதுதான் உன் அம்மா, சுட்ட பயித்தம் பணியாரத்தை நினைத்து நான் விட்ட கண்ணீரில் மெத்தை மிதந்தது. எனக்கு வைத்திருந்த பங்கை உன் அப்பா தின்றிருப்பார். என் அண்ணனை எனக்குத் தெரியாதா?

சரி, அரச காரியம். எங்கள் கலாவிநோத சபை அடுத்த மாதம் ஜிந்துப்பிட்டிக் கொட்டகையில் சரித்திர நாடகம் போடுகிறது. மகுடவர்ம மகாராசாவாக நான். வேறு யாருக்கு அந்த உடம்பு? மகாராணியாகக் கொச்சிக்கடைக் கிளறன்ஸ். பகலில் பண்டகசாலையில் மூட்டை எண்ணுகிறவன். குரலைக் கேட்டால் கல்லும் கண்ணீர் விடும். ஆனால் தாடி! தாயின் கால் வருத்தம் மாறவேண்டுமென்று அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறான். ஜூன் மாதத் திருவிழா முடியும் வரை முகத்தில் கத்தி படக்கூடாது. தாடி வைத்த ராணியை நான் காதலிக்கத் தயார். சபையோர் ஒத்துக்கொள்வார்களா?

வேறு ராணியும் கிடையாது. வசனமும் கிடையாது. நாடக வாத்தியார் எழுதித் தந்ததில் ராணி "ஆ! நாதா!" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. நீ படித்த எத்தனையோ கதைகளில் முகம் காட்டாத ராணி யாராவது உண்டா? யோசித்து எழுது. கடிதத்தை வெயிலில் காட்டிவிட்டு வாசி.

இப்படிக்கு,
கொப்புளாதிபதி மகுடவர்ம மகாராசா
(க. பாலசுந்தரம்)


வெள்ளவத்தை,
ஏப்ரல் 23.

அன்புள்ள குஞ்சியப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாதான் பிரித்தார். கப்பல் கயிறு அறுத்த இடம் வரை வாசித்துவிட்டு, "விசரன். நீயே வாசி" என்று மடித்துத் தந்துவிட்டார். உங்கள் எந்தக் கடிதத்திலும் அவர் கப்பலைத் தாண்டியதில்லை. ஆகவே ரகசியங்களை எப்போதும் கப்பலுக்குக் கீழே எழுதுங்கள். பணியாரம் தகரப் பேணியில் அப்படியே இருக்கிறது. அப்பா தொடவில்லை.

விடுமுறை நன்றாகப் போகிறது. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் கண்ணாடி ஆடுகிறது. நான் பின் அறையில் இருந்து, குதிரை வண்டியும் கையுறையும் விசிறியுமாக வரும் சீமாட்டிகளோடு காலம் கழிக்கிறேன். அந்தக் காலத்தில் பிறந்திருக்கவேண்டும் என்று ஆசையாகத்தான் இருக்கிறது. பிறகு ஒரு யோசனை வரும். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நான் பட்டுச் சட்டையைப் போடுகிறவளாக இருந்திருப்பேனா, தோய்க்கிறவளாகவா? இதை வகுப்பில் கேட்டால் புரொபெசர் சிரிப்பார். போன கிழமை அம்மாவோடு பேசும் படம் ஒன்றுக்குப் போனேன். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ராணி, கையில் மணிக்கூடு கட்டியிருந்தாள்! நான் சிரித்த சிரிப்பில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

உங்கள் ராணியை நினைத்து இரண்டு நாள் நித்திரை இல்லை. பிறகு தோன்றியது: அவள் ஏன் வெளியே வரவேண்டும்? அரசனுக்குப் புத்தி சொல்லுகிறவள் அவள். ஆனால் சபைக்கு வர அவளுக்கு உரிமையில்லை. திரைக்குப் பின்னால் நின்று பேசட்டும். கிளறன்ஸ் அண்ணரின் தாடியும் தப்பும். அவளுடைய வசனங்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துவிடுங்கள்.

ஒன்று மட்டும், குஞ்சியப்பா. நான் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. கடைசி வருடம் படிக்க அப்பா அரை மனத்தோடுதான் சம்மதித்திருக்கிறார். "பிள்ளையின்ர பேர் கண்ட கண்ட வாயில அடிபட்டுதெண்டால் அண்டைக்கே படிப்பு முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். அதிலும் நாடகக்காரர் வாயில்! எனக்கு அந்த ஒரு வருடம் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அன்புள்ள பெறாமகள்,
யோகம்


கொட்டாஞ்சேனை,
மே 8.

கலைவாணியின் கடைக்குட்டித் தங்கைக்கு,

முதலில் அண்ணனுக்கான கப்பல்: நான் குளித்த தண்ணீர் ஓடிய வாய்க்காலில் நேற்று மூன்று சுறாமீன் பிடிபட்டன. இவ்வளவில் அவர் மடித்திருப்பார்.

யோகம், நீ என்ன எழுதித் தொலைத்திருக்கிறாய்? ஒத்திகையில் கிளறன்ஸ் பழைய சாக்குத் திரைக்குப் பின்னால் நின்று வாசித்தான்: "அரசே, இரவில் நான் உங்கள் காதில் சொன்ன சொல்லைக் காலையில் நீங்கள் சபையில் சொல்கிறீர்கள். சபை எழுந்து நிற்கிறது. திரைக்குப் பின்னால் நானும் எழுந்து நிற்கிறேன், என் சொல்லுக்கு நானே மரியாதை செய்து."

அவ்வளவுதான். மத்தளக்காரன் அடிக்க மறந்தான். மந்திரி வேடக்காரன் பீடியால் விரலைச் சுட்டுக்கொண்டான். கிளறன்ஸ் தாடியைப் பிழிந்துகொண்டு வெளியே வந்து, "பாலா அண்ணை, இது ஆர் எழுதினது? உங்கட மூளையில இது வராது" என்றான். வாயைத் தைத்துக்கொண்டேன். புடைவைக் கடை மஹ்ரூப் முதலாளி திரைக்கென்று சிவப்பு வெல்வெட் இரவல் தந்திருக்கிறார். சாக்குக்குப் பின்னால் நிற்கிற ராணி இல்லையாம் அவள்.

உன் பேர் என் வாயிலிருந்து வருமானால் என் கிரீடம் உருகித் தலையில் ஒட்டட்டும். வாக்கு. மகாராசா வாக்கு.

இப்படிக்கு,
வாய் தைத்த வேந்தன், குஞ்சியப்பா


கொட்டாஞ்சேனை,
மே 22.

என் கண்ணே யோகத்துக்கு,

நேற்றிரவு நாடகம் ஒப்பேறியது. கொட்டகையில் சனம் கொள்ளாமல் கூரையில் பாதி, மரத்தில் பாதி. என் முதல் வரவில் எழுந்த கைதட்டலில் கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் அதிர்ந்ததாக இன்று காலை ஒருவன் சத்தியம் பண்ணினான். வாள் சண்டையில் என் சால்வை அவிழ்ந்ததை வீரத்தின் அடையாளமாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ராணியின் திரைக் காட்சியில் ஊசி விழுந்தால் கேட்கும். மஹ்ரூப் முதலாளி வெள்ளிப் பதக்கம் ஒன்று தந்தார். அது பெரிய கதை. கை வலிக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

நீ சுகமாக இருக்கிறாய்தானே? அண்ணன் சுகமா? ஒன்றும் இல்லை, சும்மா கேட்கிறேன்.

குஞ்சியப்பா


வெள்ளவத்தை,
மே 24.

குஞ்சியப்பாவுக்கு,

எங்கள் வீட்டுச் சுகம் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை அப்பா வழக்கமான ரயில் பெட்டியில், வழக்கமான மூலையில் போய் இருந்தாராம். அந்தப் பெட்டியில் போகிறவர்களெல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரே ஆட்கள், உங்களுக்கும் தெரியும். தெஹிவளையில் ஏறி வந்த, கந்தோரில் வேலை பார்க்கிற ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு, "என்ன இராசரத்தினம், மகள் கூத்துக்காரருக்கு வசனம் எழுதிக் குடுக்கிறாவாம்! அடுத்த முறை மேடையிலயும் ஏறுவாவோ?" என்று கேட்டாராம். பெட்டி முழுக்கச் சிரித்ததாம். கோட்டை ஸ்டேஷன் வரை அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு போயிருக்கிறார்.

பின்னேரம் வந்து சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது. "புத்தகங்களைக் கட்டி வை. ஜூலையில போகத் தேவையில்லை" என்றார். அவ்வளவுதான். கட்டி வைத்துவிட்டேன்.

மேடையில் நின்று, கிரீடத்தோடு, என் பேரையும் அப்பாவின் பேரையும் ஊரின் பேரையும் சொன்னீர்களாம். உண்மையா?

யோகநாயகி


கொட்டாஞ்சேனை,
மே 27.

பிள்ளை யோகத்துக்கு,

கப்பல் விட இன்று என்னிடம் தண்ணீர் இல்லை. அண்ணன் வாசித்தால் வாசிக்கட்டும்.

உண்மை. மூன்றையும் சொன்னேன்.

எங்கள் கொட்டகை வழக்கம் உனக்குத் தெரியாது. ஒரு காட்சி பிடித்துவிட்டால் பெரிய மனிதர் யாராவது நேரே மேடைக்கு ஏறிவிடுவார். கதை அப்படியே நிற்கும். செத்துக் கிடக்கிறவனும் எழுந்து நிற்பான். அவர் பதக்கம் குத்துவார். வாங்குகிறவன் வேடத்தோடு நன்றி சொல்லவேண்டும். அப்படித்தான் ராணியின் பேச்சு முடிந்ததும் மஹ்ரூப் முதலாளி ஏறி வந்தார். என் நெஞ்சில் குத்தப் போகிறார் என்று நெஞ்சை விரித்தேன். அவர் குத்தவில்லை. "மகாராசா, கோவிச்சுக்கிராதீங்க. இது ஒங்களுக்கு இல்ல. இந்த வசனத்த எழுதின கைக்கு. அது யாருட கை?" என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் என்று சொல்லியிருக்கலாம். பொய் எனக்குப் புதிதா? ஆனால் அத்தனை சனமும் வாயைப் பொத்திக்கொண்டு உன் பேருக்காகக் காத்திருந்தது. திரைக்குப் பின்னால் கிளறன்ஸ் விம்முகிற சத்தம் கேட்டது. என் பிள்ளை எழுதினது, என் பிள்ளை எழுதினது என்று எனக்குள்ளே ஒருவன் குதித்தான். வாய் திறந்துவிட்டது. "என்ர அண்ணன் இராசரத்தினத்தின்ர மகள் யோகநாயகி. வெள்ளவத்தை. காலேஜில லிற்றரேச்சர் படிக்கிறவ." அவ்வளவும்தான். ஒரு சொல் கூட்டவில்லை, யோகம். பிறந்த நாளிலிருந்து நான் கூட்டிச் சொல்லாத வசனம் அது ஒன்றுதான். மற்றெல்லாவற்றையும் அளப்பென்று தள்ளுகிற சனம் அதை மட்டும் நம்பிவிட்டது.

அதற்குப் பிறகு உனக்கு எழுதினேனே ஒரு கடிதம், கூரையும் மரமுமாக, அதுதான் இன்னும் வெட்கம். நடந்ததை நானே முதலில் சொல்லியிருந்தால் நீயாவது ஆயத்தமாக இருந்திருப்பாய். பயத்தில் மறைத்தேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குப் பெரிய பெரிய சொற்கள்தான் தெரியும். எழுதிப் பார்த்தேன், எல்லாம் நாடகமாக வருகிறது. அடுத்த ஞாயிறு வருகிறேன். நீ முன்னுக்கு வராதே. நான் என்ன சொன்னாலும் குறுக்கே பேசாதே.

பாலசுந்தரம்


வெள்ளவத்தை,
ஜூன் 6.

அன்புள்ள குஞ்சியப்பாவுக்கு,

உங்கள் போன கடிதத்தை அப்பா கோபத்தில் பிரிக்காமலே என்னிடம் எறிந்துவிட்டார். நேற்று நீங்கள் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றபோது நான் அறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றேன். எல்லாம் கேட்டேன்.

"அண்ணை, அவ எங்க எழுதினவ? நான்தான் எழுதினனான். நான் எழுதினதெண்டால் ஒருத்தரும் நம்பமாட்டினம். அதுதான் காலேஜ் பிள்ளையின்ர பேரைச் சொன்னன், ஒரு கெம்பீரத்துக்கு" என்றீர்கள்.

"கெம்பீரமோ! என்ர பிள்ளையின்ர பேர் உனக்குக் கெம்பீரமோ? உன்ர வாயில ஒரு நாளாவது உண்மை வந்திருக்கோ?"

"இல்லை, அண்ணை."

அதைச் சொன்னபோது உங்கள் குரலில் நடிப்பே இல்லை. அப்பா உடனே நம்பினார். நம்ப அவருக்கு எவ்வளவு ஆசை என்று முகத்தில் தெரிந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, குஞ்சியப்பா சொல்லுறது சரியோ?"

திரைச்சீலைக்குள்ளிருந்தே, "ஓம் அப்பா" என்றேன்.

"இனி இந்தப் படியில கால் வைக்காதை" என்று அப்பா உங்களைத் துரத்தினார். நீங்கள் திரும்பிப் பாராமல் போனீர்கள். அம்மா பணியாரப் பேணியோடு குசினி வாசலில் நின்றவள், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதைத் திரும்பவும் அலுமாரித் தட்டில் வைத்தாள். நான் பின் அறையில் இரவிரவாக எழுதியதை அவள் கண்டிருக்கிறாள்.

இன்று ரயிலில் அப்பா எல்லோருக்கும் சொல்லிவிட்டாராம். இப்போது பெட்டி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறது. என் புத்தகக் கட்டை அப்பாவே அவிழ்த்து வைத்தார். ஜூலையில் போகலாம்.

உங்கள்மேல் கோபமாக இருந்தவரை நிம்மதியாக இருந்தேன், குஞ்சியப்பா. ஓர் "ஓம்" சொல்ல எனக்கு மூச்சுவிடும் நேரம்கூட ஆகவில்லை. எனக்கு வேண்டிய வருடம் கிடைத்துவிட்டது. புத்தகத்தை விரித்தால் கண்ணீரில் எழுத்து ஓடுகிறது.

யோகம்


கொட்டாஞ்சேனை,
ஜூன் 11.

சர்வகலா இளவரசிக்கு,

அழுகிறாயாமே? வெள்ளவத்தைக் கடலில் தண்ணீர் கூடி ரயில்கள் நீந்துகின்றன என்று கேள்வி. நிறுத்து. நீ "ஓம்" சொல்லாமல் இருந்திருந்தால் நான் வந்ததே வீண். நான் சொன்னபடி செய்தாய். அதில் குற்றமென்றால் பாதியை இங்கே அனுப்பு, எனக்குப் பழக்கம்.

சிரிக்க ஒரு சங்கதி. நாடகத்தைச் சனம் மறுபடியும் கேட்கிறது. பதினெட்டாம் திகதி, அதே கொட்டகை. திங்கட்கிழமை திருவிழாவோடு கிளறன்ஸின் தாடி போகிறது. இனி முகம் காட்டலாம் என்று ராணியம்மாவுக்கு வாயெல்லாம் பல். ஆனால் சபை சொல்லிவிட்டது: திரை திரைதான், அதற்காகத்தான் சனம் வருகிறது என்று. "அப்ப நான் என்னத்துக்கு வழிக்கிறன்?" என்று அவன் கோபித்துக்கொண்டிருக்கிறான்.

நோட்டீஸ் அச்சாகி வந்தது. "ராணியின் வசனம்: க. பாலசுந்தரம்." மறுக்க வழியில்லை; மறுத்தால் ரயில்பெட்டிக்குக் கேட்டுவிடும். என் பேரை அச்சில் பார்க்க எத்தனை வருடத்து ஆசை தெரியுமா? பார்த்தேன். செலீனுக்குக்கூடக் காட்டாமல் மடித்து வைத்துவிட்டேன்.

பதக்கம் கைலேஞ்சியில் முடிந்து பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நான் குத்திக்கொள்ளவில்லை. தபாலில் அனுப்பப் பயம். உன் பேருக்கு வெள்ளிச் சாமான் வந்தால் அண்ணன் கப்பலைத் தாண்டியும் வாசிப்பார்.

படி. நன்றாகப் படி.

குஞ்சியப்பா


வெள்ளவத்தை,
ஜூன் 20.

தம்பி பாலசுந்தரத்துக்கு அண்ணன் இராசரத்தினம் எழுதுவது. இங்கு யாவரும் நலம். உன் நலமறிய ஆவல்.

சனிக்கிழமை நாங்கள் குடும்பமாக உன் நாடகத்துக்கு வந்திருந்தோம். உனக்கு அறிவிக்கவில்லை. ரயிலில் நாலுபேர் திரும்பத் திரும்பச் சொன்னபடியால், அப்படி என்னதான் எழுதிவிட்டாய் என்று பார்க்க வந்தேன். வாள் சண்டை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நின்று அந்த ராணி பேசியது நெஞ்சில் நிற்கிறது. உனக்குள் இப்படி ஒரு மனம் இருப்பதை இத்தனை காலம் அறியாமல் இருந்துவிட்டேன். வாசலில் வைத்துச் சொன்ன சொற்களை மறந்துவிடு. வருகிற ஞாயிறு மத்தியானம் சாப்பிட வா.

இப்படிக்கு,
க. இராசரத்தினம்

குஞ்சியப்பா, மேலே உள்ளதை அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "கடிதம் எண்டால் உனக்குத்தானே வடிவாய் எழுத வரும், லிற்றரேச்சர் படிக்கிற பிள்ளை. நல்ல சொல்லாய்ப் போட்டு எழுது" என்றார். "நெஞ்சில் நிற்கிறது" மட்டும் அவருடைய சொல். மற்றவை நான் போட்டவை. கையெழுத்தை வைத்துவிட்டு, "மிச்சச் சுகசெய்தியை நீ எழுதி ஒட்டு" என்று குளிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு இருந்தேன். "சபை எழுந்து நிற்கிறது" என்று கிளறன்ஸ் அண்ணர் சொன்னபோது ஆண்கள் பக்கத்தில் முதலில் எழுந்தவர் அப்பாதான். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள். இந்த முறை கிள்ளவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அப்பா என்னிடம், "அவன் கலியாணமும் முடிக்கேல்லை. ஒரு பொம்பிளையின்ர மனம் அவனுக்கு எப்பிடி விளங்கினது, பிள்ளை?" என்று கேட்டார். பெட்டியில் வேறு ஆட்கள் இல்லை. சொல்லியிருக்கலாம். கோபித்திருக்கமாட்டார் என்றுகூடத் தோன்றியது. ஜூலைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது என்று நினைத்தேன். "தெரியாது அப்பா" என்றேன்.

ஞாயிறு வாருங்கள். அப்பா உங்களைப் புகழுவார். நீங்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு சாப்பிடவேண்டும். நான் பரிமாறுவேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

வரும்போது பதக்கத்தையும் கொண்டு வாருங்கள். அப்பா பார்க்கவேண்டுமாம். நானும் இன்னும் பார்க்கவில்லை.

உங்கள்
யோகம்